யென் அக்காவின் இடப்பக்கத்துச் சாட்சி

யென் குய்ஜி அக்கா மிளகாய் வறுக்கும்போது தும்மாத ஆள் எங்கள் உப்புக்கிணற்றுச் சந்தில் கிடையாது. காலை ஐந்தரைக்கு ஒரு தரம், பத்து மணி வாக்கில் இன்னொரு தரம் அவள் கடையில் வாணலி ஏறும். காய்ந்த எண்ணெயில் மிளகாயும், நாக்கை மரத்துப்போக வைக்கும் எங்கள் ஊர் மிளகும் விழுந்ததும், சந்தின் இந்த முனையில் கிளம்பும் தும்மல் அந்த முனையில் மாஜாங் காய்களை அடுக்கி ஆடுகிறவர்கள் வரை போய்ச் சேரும். புதிதாக வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். நாங்கள் தும்மிவிட்டு மணி பார்த்துக்கொள்வோம்.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. குட்டை உருவம், கரகரத்த குரல், முழங்கை வரை பூப்போட்ட துணி உறை. அவள் நூடுல்ஸ் கடையில் என்ன வேண்டும் என்று யாரையும் கேட்கும் வழக்கமில்லை. முகத்தைப் பார்த்து அவளே முடிவு செய்வாள். "நேத்து ராத்திரி குடிச்சியா? கண்ணு ரெண்டும் வீங்கிக் கிடக்கு. இன்னிக்கு உனக்குக் காரம் கிடையாது. சூப்பைக் குடிச்சிட்டு நடையைக் கட்டு" என்பாள். நகராட்சிக்காரர் முதல் ஆற்று மணல் லாரி ஓட்டுகிறவர் வரை வாயை மூடிக்கொண்டு சூப்பைக் குடித்துவிட்டுப் போவார்கள். அவளுக்கு நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. இருபத்திரண்டு வருடமாகக் காலைச் சாப்பாடு எனக்கு அங்கேதான், எனவே இந்தக் கதையில் என் வயிறும் சம்பந்தப்பட்டிருக்கிறது.

அவளுடைய கடைக்கு இடப்பக்கம் ஆவ் தெமிங்கின் கடிகாரக் கடை. எழுபத்தொரு வயது. ஒரு கண்ணில் எப்போதும் பூதக்கண்ணாடி, கையில் இடுக்கி. தும்மல் எல்லோருக்கும் வெறும் தும்மல்தான். ஆவுக்கோ அது தொழில் நஷ்டம். எள்ளைவிடச் சின்னத் திருகை இடுக்கியில் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் வாணலி ஏறினால் என்ன ஆகும்? "ஹச்" என்ற சத்தம் கேட்கும். பிறகு கிழவர் மண்டிபோட்டுத் தரையைத் தடவும் சத்தம் கேட்கும்.

இருவரும் நேருக்கு நேர் பேசிப் பதினேழு வருடமாகியிருந்தது. அக்கா ஒரு கோடைகாலத்தில் புகை போக மின்விசிறி வாங்கி, அதை ஆவ் தெமிங்கின் கடைப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். அன்றோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு எல்லாப் பேச்சும் என் வழியாகத்தான்.

"மோ தம்பி, அந்தாளுகிட்ட சொல்லு, தும்மல் வந்தா மாஸ்க் போட்டுக்கட்டும்."

"மோ, அந்தம்மாகிட்ட சொல்லிடு, நான் கடிகாரக் கடை வச்சிருக்கேன், ஆஸ்பத்திரி வச்சிருக்கல."

இருவருக்கும் நடுவே ஆறடி தூரம்கூட இருக்காது. நான் எதிர்ப்புறத்திலிருந்து தெருவைக் கடந்து வந்து சொல்ல வேண்டும், அவர்கள் காதில் ஏற்கனவே விழுந்ததை.

போன வசந்த காலத்தில் சந்து முழுவதையும் புதுப்பிக்கப் போவதாக அறிவிப்பு ஒட்டினார்கள். புதுச் சந்தில் பழைய கடைகளுக்கு மட்டும்தான் இடம். 1995-க்கு முன்னால் தொடங்கியிருக்க வேண்டும், நடுவில் மூன்று மாதத்துக்கு மேல் மூடியிருக்கக் கூடாது. மற்றவர்கள் புறவழிச் சாலையோரம் கட்டியிருக்கும் புது மார்க்கெட் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குப் போக வேண்டும். என் கடை சொந்த வீட்டின் முன்னறை என்பதால் நான் தப்பித்தேன். மூன்றாம் மாடிக்கு ஏறி வந்து எவன் காலையில் நூடுல்ஸ் தின்பான்? அக்கா தொடங்கியது 1991-இல். எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் முதலில் அது ஓர் அடுப்பும் நான்கு முக்காலியும்தான். உரிமம் எடுத்தது 1999-இல். சுவரில் தொங்கும் அந்தக் காகிதம் அவளுக்கு எட்டு வயதைக் குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது.

ஆவுக்கு அந்தக் கவலையில்லை. அவருடைய உரிமம் 1986. அறிவிப்பைப் பூதக்கண்ணாடியால் படித்துவிட்டு, "மூணாவது மாடியில காத்து நல்லா வரும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அக்கா விண்ணப்பம் கொடுத்தாள். நான்தான் எழுதினேன். பத்து நாள் கழித்து நகராட்சி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. வாணலி ஏறியிருந்த நேரம். அக்கா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "சரி, சரி, எல்லாம் இருக்கு, கொண்டாரேன்" என்றாள். பிறகு தெருவைக் கடந்து என்னிடம் வந்தாள்.

"தம்பி, மசாலா சாமானெல்லாம் கொண்டாரச் சொல்றாங்க."

அங்கேதான் எல்லாம் கோணலானது. அலுவலகத்துப் பெண் கேட்டது "சுவோஜெங் சாய்லியாவ்". அரசாங்கக் காகிதங்களில் மட்டுமே உயிர் வாழும் வார்த்தை அது. அதை யாரும் வீட்டில் பேசுவதில்லை. நூடுல்ஸில் போடும் மசாலா சாமான்களுக்கு எங்கள் பேச்சில் "சுவோலியாவ்" என்று பெயர். எண்ணெய் கொதிக்கும் சத்தம் நடு எழுத்துகளை விழுங்கிவிட்டால் மிச்சமிருப்பது மசாலாதான்.

என் கடைப் பலகையில் "எல்லா விண்ணப்பங்களும் எழுதித் தரப்படும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். நானாவது நின்று யோசித்திருக்க வேண்டும். ஆனால் எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பழைய கடைதானா என்று பார்க்கப் பழைய ருசியைத்தானே சோதிக்க வேண்டும்? அதிகாரிகளுக்கு ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் இருவரும் பேருந்தில் போனோம். கூடையில் பதினோரு ஜாடி. மிளகாய் எண்ணெய், மிளகு, புளிக்கவைத்த மொச்சை விழுது, ஊறப்போட்ட கடுகுக் கீரை, பன்றிக் கொழுப்பு, வறுத்த எள், இன்னும் என்னென்னவோ. அலுவலகத்தில் லான் என்ற பெண் இருந்தாள். இருபத்தேழு வயதிருக்கும், மரியாதை தெரிந்த பெண். அக்கா அவள் மேசையில் காகிதங்களை ஒதுக்கிவிட்டு ஜாடிகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாக மூடியைத் திறந்தாள்.

"என்னம்மா இது?" என்றாள் லான்.

"நீதானே கேட்ட? பாரு. மொச்சை விழுது மூணு வருஷம் வெயில்ல வச்சது. வேற எவகிட்டயும் கிடைக்காது. எங்க, நாக்கை நீட்டு."

"அம்மா, நான் கேட்டது சுவோஜெங்!"

"அதைத்தான் நானும் சொல்றேன். சுவோலியாவ்."

வாசலில் இருந்த காவலாளி முதலில் தும்மினார். அடுத்து மூன்று மேசைகளில் வரிசையாகத் தும்மல். உள்ளறையிலிருந்து ஒரு பெரியவர், பிரிவுத் தலைவராக இருக்க வேண்டும், கையில் ஆவியில் வேகவைத்த பன்னோடு வெளியே வந்தார். ஜாடிகளைப் பார்த்தார். யாரையும் ஒன்றும் கேட்காமல் பன்னை மிளகாய் எண்ணெயில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வழியத் திரும்பிப் போனார்.

லான் ஒரு துண்டுக் காகிதத்தில் அந்த வார்த்தையை எழுதிக் கொடுத்தாள். "இதைக் கொண்டாங்கம்மா. இருபதாம் தேதிக்குள்ள. இல்லேன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றாள். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னாள். ஜாடிகளைத் திருப்பி அடுக்கவும் உதவினாள்.

பேருந்தில் அக்கா அந்தக் காகிதத் துண்டை என்னிடம் நீட்டினாள். "படிச்சவன்தானே நீ. என்ன அர்த்தம்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இருபத்திரண்டு வருடம் மற்றவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவன் வாயில் அந்த வார்த்தை வருமா? முதல் சீன எழுத்துக்குள் "இடது" என்ற எழுத்து ஒளிந்திருந்தது. உச்சரிப்பும் அதேதான். இரண்டாவது எழுத்துக்குச் சான்றிதழ் என்று ஓர் அர்த்தம் உண்டு. "இடது சான்று" என்றேன் கம்பீரமாக. "அதாவது, இடது பக்கமா வச்சிருக்கிற சான்று. பழைய முறை."

அன்று மாலை அக்கா கடையை மூடிவிட்டு வீட்டின் இடப்பக்கத்தைத் தலைகீழாகப் புரட்டினாள். இடது அலமாரி, இடது இழுப்பறை, கட்டிலின் இடது அடி. கிடைத்தவை: துருப்பிடித்த நூடுல்ஸ் சல்லடை, எலி கடித்த குடை, இருபத்தாறு வருடம் முன்பு ஆற்றோடு போன அவள் வீட்டுக்காரருடைய இடது கால் ரப்பர் பூட்ஸ். அந்தப் பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அவள் என் கடை வாசலில் வந்து நின்றாள்.

"இதுதான் இருக்கு. இதை வாங்கிக்குவாங்களா?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. என்னிடம் ஒரு பெரிய அகராதி இருக்கிறது. பல வருடமாக ஜெராக்ஸ் இயந்திரத்தின் குட்டைக் காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இயந்திரத்தைத் தூக்கி அதை உருவினேன். இயந்திரம் சாய்ந்தது, அக்கா இடுப்பால் தாங்கிக்கொண்டாள். தூசி தட்டித் தேடினேன். "சுவோஜெங்: ஒரு செய்தி உண்மை என்பதற்குத் துணை நிற்கும் ஆதாரம்" என்றிருந்தது.

"அப்ப இடது?"

"இடது இல்லக்கா. நான் சொன்னது தப்பு."

"தப்புன்னு எனக்கு இடது அலமாரியிலேயே தெரிஞ்சுது. நீ எப்ப ஒத்துக்குவேன்னு பாத்தேன்."

நான் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை எழுதுவது இப்படி: முதலில் ஒரு மனிதன், அவனை ஒட்டி "இடது". துணைக்கு நிற்பது என்று அர்த்தம். இடது பக்கத்தில் ஓர் ஆள். தலையை நிமிர்த்தினேன். எதிரே அக்காவின் கடை. அதற்கு இடப்பக்கம் ஜன்னல் வழியாக ஆவ் தெமிங் தெரிந்தார். பூதக்கண்ணாடியோடு குனிந்து ஒரு நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் என்ன எழுதுகிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக நகல் எடுப்பவன் நானல்லவா? அவை புகார்கள். தும்மலில் ஒரு திருகு தொலையும்போதெல்லாம் ஒரு புகார். குடியிருப்புக் குழுவுக்கு ஒன்று, அவர்கள் சிவப்பு முத்திரை குத்தித் திருப்பித் தரும் நகல் ஒன்று. என் கடை வருவதற்கு முன் கார்பன் தாள் வைத்து எழுதியதாகச் சொல்லியிருக்கிறார். தேதி, மணி, நிமிடம் எல்லாம் இருக்கும். கடிகாரக்காரர் எழுதினால் வேறெப்படி இருக்கும்?

ஆனால் அவர் எதற்குக் கொடுப்பார்? அக்கா மூன்றாம் மாடிக்குப் போனால் அவருக்கு நிம்மதி. இருந்தாலும் அந்தப் பழைய புகார்களைக் கேட்டுப் பார்க்கலாம் என்று அக்காவிடம் சொன்னேன். "அந்தாளுகிட்டயா? மூணாவது மாடியென்ன, முப்பதாவது மாடிக்கே போறேன்" என்றாள். ஆனால் கையிலிருந்த பூட்ஸை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, அடுப்பில் வேலையிருக்கிறது என்று போய்விட்டாள். அடுப்பு அணைத்து இரண்டு மணி நேரமாகியிருந்தது.

நான் ஆவ் தெமிங்கின் கடைக்குப் போனேன். கெஞ்சினால் காரியம் நடக்காது என்று தெரியும். ஆகவே கொஞ்சம் கோள் மூட்டினேன்.

"ஆவ் அண்ணே, ஒரு விஷயம். தொண்ணூத்தொண்ணுல அந்தம்மா இங்க கடையே போடலைன்னு ஆபீசுல சொல்றாங்க. தொண்ணூத்தொம்பதுலதான் வந்தாங்களாம்."

இடுக்கி நின்றது. "யாரு சொன்னது?"

"காகிதம் சொல்லுது."

"அப்ப எட்டு வருஷம் நான் யாருக்காகத் தும்முனேன்?"

"அதான் எனக்கும் புரியல. நீங்க அந்தக் காலத்துல குடுத்த புகாரெல்லாம் சும்மா கற்பனைன்னு ஆயிடும்போல."

அவர் முகம் மிளகாய் நிறத்துக்கு வந்தது. "கற்பனையா? நானா? நிமிஷக் கணக்கு போட்டு எழுதியிருக்கேன்டா! என் மூக்கைப் பொய்யின்னு எவன் சொல்றது?" பூதக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இத்தனை வருடத்தில் அந்த இரண்டாவது கண்ணை நான் முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பத்தொன்பதாம் தேதி காலை ஆவ் தெமிங் பிஸ்கட் டப்பாக்கள் நான்கைக் கயிற்றால் கட்டித் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினார். அக்காவும் நானும் அதே பேருந்தில். அவர் முன் இருக்கையில், அவள் கடைசி இருக்கையில், நான் வழக்கம்போல நடுவில்.

லானின் மேசையில் இந்த முறை டப்பாக்கள் அடுக்கப்பட்டன. அவள் பயந்துபோய் முதல் மூடியைத் திறந்தாள். உள்ளே காகிதங்கள். மேலே இருந்ததை எடுத்து உரக்கப் படித்தாள்.

"1991 ஏப்ரல் 14, காலை 9 மணி 52 நிமிடம். மூன்று தும்மல். பெண்கள் கைக்கடிகாரத் திருகு ஒன்று காணவில்லை. காரணம்: என் பக்கத்தில் புதிதாக நூடுல்ஸ் கடை போட்டிருக்கும் யென் குய்ஜி என்ற பெண்."

அடியில் குடியிருப்புக் குழுவின் வட்டச் சிவப்பு முத்திரை. லான் அந்த முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள். எங்கள் ஊரில் அழகான பெண்ணைப் பார்ப்பதுபோல் சிவப்பு முத்திரையைப் பார்ப்பார்கள். அதைப் பார்த்ததும் மற்ற மேசைக்காரர்களும் எழுந்து வந்துவிட்டார்கள்.

"தாத்தா, 'புதிதாக'ன்னு எழுதியிருக்கீங்க. ரொம்ப நல்ல வார்த்தை."

"நல்ல வார்த்தையில்லம்மா, திட்டு வார்த்தை. முழுசாப் படி."

1991 முதல் 1999 வரை நூற்று நாற்பத்தாறு புகார். எல்லாவற்றிலும் முத்திரை. லான் மாதவாரியாகப் பிரித்து அடுக்கினாள். யென் அக்கா மூலையில் உட்கார்ந்து, தன் எட்டு வருட வாழ்க்கை தும்மல் தும்மலாக மேசையில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று லானின் கை நின்றது.

"இங்க ஒரு இடைவெளி இருக்கு. தொண்ணூத்தேழு அக்டோபர்லேர்ந்து தொண்ணூத்தெட்டு ஜனவரி வரைக்கும் ஒண்ணுமே இல்ல. நாலு மாசம். கடை மூடியிருந்துச்சா? மூணு மாசத்துக்கு மேல போனா விதிப்படி..."

அக்கா எழுந்து நின்றாள்.

"மூடல" என்றார் ஆவ்.

"அப்ப ஏன் தாத்தா புகார் இல்ல?"

கிழவர் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். அது திருகு மூடியே இல்லை. "அவ வீட்டுக்காரன் செத்துட்டான். படகு கவுந்து. எட்டாம் நாளே அடுப்பு பத்த வச்சிட்டா. நான் தினமும் தும்முனேன். எழுதல."

லான் பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஏன் எழுதலன்னா, எழுதத் தோணல. அவ்வளவுதான். அதுக்கெல்லாம் முத்திரை கேக்காத. கைநாட்டு வேணும்னா வைக்கிறேன்."

அக்கா மூலையிலிருந்து வந்து அவர் முன்னால் நின்றாள். பதினேழு வருடத்தில் முதல் தடவையாக, என்னை நடுவில் நிறுத்தாமல், நேராக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"யோவ், வேணும்னுதான் எழுதாம விட்டியா? நாலு மாசமா பக்கத்துலேர்ந்து ஒரு சண்டையும் வரலியேன்னு, என் மிளகாயில காரம் போயிருச்சோன்னு நான் மூணு வியாபாரிய மாத்துனேன்யா! ராவும் பகலும் அதே கவலை. புருஷன் போனதோட கைமணமும் போயிருச்சுன்னு நினைச்சு அழுதிருக்கேன்யா!"

"காரம் போகல" என்றார் ஆவ் தரையைப் பார்த்து. "அந்த நாலு மாசத்துல மட்டும் பதினேழு திருகு போச்சு."

லான் தலையைக் குனிந்து ஒரு படிவத்தை எடுத்தாள். மூக்கை உறிஞ்சினாள். அன்று அங்கே மிளகாய் எதுவும் இல்லை. "தாத்தா, சாட்சி சொல்றவருக்கு விண்ணப்பதாரர் மேல பாசமிருந்தா நாங்க ஏத்துக்கக் கூடாது. உங்க விஷயத்துல நூத்து நாப்பத்தாறு அத்தாட்சி இருக்கு, பாசமே இல்லைன்னு. கைநாட்டு வைங்க."

அவர் சிவப்பு மையில் கட்டைவிரலைத் தோய்த்து அழுத்தினார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடனே பழைய ஆளாகி லானிடம் திரும்பினாள். "நான் மொத நாளே மிளகாயத்தானே கொண்டாந்தேன்? நீதான் வேணாம்னு திருப்பி அனுப்பிட்ட."

அடுத்த மாதம் பட்டியல் ஒட்டினார்கள். ஏழாவது பெயர் யென் குய்ஜி நூடுல்ஸ் கடை, தொடக்கம் 1991. அக்கா அன்று காலை எல்லோருக்கும் காரத்தை இரண்டு மடங்காகப் போட்டாள். மின்விசிறியை மட்டும் ஆவ் தெமிங்கின் கடைப் பக்கத்திலிருந்து திருப்பவில்லை. திருப்பினால் அது என் கடையைப் பார்க்கும் என்பதால் நானும் வற்புறுத்தவில்லை.

பத்து மணிக்கு வாணலி ஏறியது. சந்து தும்மியது. சிறிது நேரத்தில் ஆவ் தெமிங் கையில் காகிதத்தோடு தெருவைக் கடந்து வந்தார். வாங்கிப் பார்த்தேன். "காலை 10 மணி 7 நிமிடம். நான்கு தும்மல். திருகு ஒன்று. காரணம்: யென் குய்ஜி."

வழக்கம்போல ஒரு நகல் எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார்.

"இன்னொண்ணு போடு, மோ."

"எதுக்கண்ணே?"

"அவளுக்கு. நாளைக்கு எவனாவது மறுபடியும் கேட்டா, அவ கையில ஒண்ணு இருக்கட்டும்."